தரைக்கடியில் வெப்பம், ரசீதில் எவ்வளவு? – வாசகர் கேள்வி பதில்

குன்னூரில் வீடு கட்டும் வாசகர் ஒருவருக்குக் கடந்த இதழில் பதில் சொல்லும்போது, குளியலறை டைல்ஸுக்கு அடியில் பதிக்கும் மின்வெப்பப் பாயைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைத்தான் கேட்கின்றன: போடுவதற்கு ஆகும் செலவு இருக்கட்டும், போட்ட பிறகு மின்சாரத்துக்கு எவ்வளவு ஆகும்? ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் அதற்கே.

கேள்வி: கோவை பீளமேட்டில் வசிக்கிறோம். பணி ஓய்வுக்குப் பின் நிரந்தரமாகத் தங்குவதற்காகக் கோத்தகிரியில் வீடு கட்டி வருகிறோம். 16 அடிக்கு 12 அடி கூடத்தின் தரையில் மின்வெப்பம் கொடுத்தால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் ரசீது எவ்வளவு கூடும்? "நூறு யூனிட் இலவசம் இருக்குதுங்க, பெருசா ஒண்ணும் வராது" என்கிறார் விற்பனையாளர்.

பதில்: இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை உங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் தண்ணீர் மோட்டாரும் கீசரும் ஏற்கெனவே தீர்த்துவிட்டிருக்கும், தரைக்கென்று அதில் எதுவும் மிஞ்சாது. அந்தப் பேச்சை ஒதுக்கிவைத்துவிட்டு நேராகக் கணக்குக்கு வருவோம்.

வெப்பப் பாய் என்பது வலைத்துணியில் வளைத்து வளைத்துக் கோத்த மெல்லிய மின்தடைக் கம்பிதான், அதாவது மின்சாரம் பாயும்போது சூடேறும் கம்பி. சதுர மீட்டருக்கு 100, 150, 200 வாட் என்ற அளவுகளில் பரவலாகக் கிடைக்கிறது. காலுக்கு இதமாக இருந்தால் போதும் என்பதற்கு 100 வாட்டே போதும். அறையையே சூடாக்க வேண்டுமானால் 150 வாட்டை எடுத்துக்கொள்வது வழக்கம். நம் அளவில் அது சதுர அடிக்கு 14 வாட். உங்கள் கூடம் 192 சதுர அடி என்றாலும் சோபா, அலமாரி, டி.வி. மேசை நிற்கும் இடங்களுக்கு அடியில் கம்பி போகக் கூடாது என்பதால், போடக்கூடிய பரப்பை 120 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். 120-ஐ 14-ஆல் பெருக்கினால் 1,680 வாட். காலையில் 2 மணி நேரம், மாலை முதல் படுக்கப்போகும் வரை 5 மணி நேரம் என நாளுக்கு 7 மணி நேரம் இயக்குகிறீர்கள் என்று கொள்வோம். தரை சூடேறியதும் தெர்மோஸ்டாட் மின்சாரத்தை நிறுத்தி, ஆறத் தொடங்கியதும் மறுபடி கொடுக்கும் என்பதால், அந்த 7 மணி நேரத்தில் 60 சதவீதம் மட்டுமே மின்சாரம் ஓடுவதாக எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 யூனிட். 60 நாளைக்கு 420 யூனிட்.

இந்த 420 யூனிட்டின் விலையைத் தனியாகப் போட்டுப் பார்ப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அது ஏற்கெனவே நீங்கள் எரிக்கும் யூனிட்டுகளின் தலைமேல் போய் உட்காருகிறது. இப்போது இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் ஆகும் வீடு என்றால், 2024 ஜூலையில் வந்த கட்டண விகிதப்படி ரசீது 700 ரூபாயை ஒட்டித்தான் வரும். அதே வீடு 720 யூனிட்டுக்குப் போனால், 500-ஐத் தாண்டிய யூனிட்டுகளுக்கு 8 ரூபாய்க்கு மேலும், 600-ஐத் தாண்டியவற்றுக்கு 9 ரூபாய்க்கு மேலும் விழுவதோடு, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு 500-க்குள் இருந்தவரை கிடைத்த பாதி விலைச் சலுகையும் போய்விடும். ஆக, ரசீது 4,000 ரூபாயைத் தொடும். அதாவது தரைக்கு மட்டும் மாதம் 1,600 ரூபாய்க்குக் குறையாமல் ஆகிறது. படுக்கையறைக்கும் சேர்த்துப் போட்டால் 1,000 யூனிட்டைத் தாண்டுவீர்கள். அங்கிருந்து யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கும் மேல்.

இந்தக் கணக்கும் வெப்பம் கீழே ஒழுகிப் போகாத தரைக்குத்தான் பொருந்தும். கம்பியை நேராகக் கான்கிரீட்டின் மேல் விரித்து டைல்ஸ் ஒட்டினால், வெப்பத்தில் கணிசமான பங்கு மேலே வராமல் தளத்துக்குள்ளும் அதன் கீழுள்ள மண்ணுக்குள்ளும் போய்க்கொண்டே இருக்கும். கம்பிக்கும் தளத்துக்கும் இடையில் வெப்பத்தைத் தடுக்கும் கெட்டியான நுரைப் பலகை, குறைந்தது 10 மில்லிமீட்டர் கனத்தில் இருந்தாக வேண்டும். பலகை இருந்தால் தரை அரைமணி அளவில் சூடேறும். இல்லாவிட்டால் மணிக்கணக்கில் காத்திருக்க நேரிடும், அந்த நேரமெல்லாம் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். கொத்தனார் "அது எதுக்குங்க தெண்டச் செலவு" என்று சொல்லக்கூடும். இந்த ஒரு செலவில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். மேற்கூரை வெறும் தகடாகவோ, இடைத்தட்டில்லாத ஓடாகவோ இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை தரையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் தரைக்கடியில் எரிந்தாலும், ஆயில் ஹீட்டரில் எரிந்தாலும், 800 ரூபாய் ஃபேன் ஹீட்டரில் எரிந்தாலும் தரும் வெப்பம் ஒன்றுதான். காலடி வெதுவெதுப்பாக இருப்பதால் அறையின் காற்றை ஓரிரு டிகிரி குறைவாக வைத்தாலும் குளிர் தெரியாது என்பதுதான் தரை வெப்பத்தால் வரும் மிச்சம். மாறாக, வெப்பமும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி. வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை உள்ளே இறைப்பதால், கோத்தகிரிக் குளிருக்கு ஒரு யூனிட்டில் ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கொடுக்கும். என் யோசனை: கூடத்துக்கு அந்த ஏ.சி.யை வையுங்கள்; தரை வெப்பத்தைக் குளியலறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 32 சதுர அடி குளியலறைத் தரைக்கு 450 வாட் பாய் போதும். நாளுக்கு 3 மணி நேரம் இடைவிடாமல் ஓடினாலும் 1.35 யூனிட்தான், அது 25 லிட்டர் கீசரில் ஒருமுறை தண்ணீர் காய்ச்ச ஆகும் மின்சாரம்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் இருக்கிறாள். சமையலறையைப் பெரிதாக்கிக் கட்டியபோது தரைக்கடியில் மின்வெப்பம் போட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் மின் கட்டணம் மாதத்துக்கு 200 பவுண்டுக்கு நெருக்கமாகக் கூடிவிட்டது என்கிறாள். டிசம்பரில் அவளுடைய பேறுகாலத்துக்கு நான் போக இருக்கிறேன். மாப்பிள்ளை அதை நிறுத்தி வைக்கலாம் என்கிறார். நிறுத்தத்தான் வேண்டுமா? – கோபிச்செட்டிபாளையம் வாசகி

பதில்: நிறுத்த வேண்டியதில்லை அம்மா, அது ஓடும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும். மகள் அறையின் அளவை எழுதாததால், அலமாரிகள் போக 14 சதுர மீட்டரில் 150 வாட் பாய் என்று கொள்கிறேன். அப்படியானால் அதன் திறன் 2.1 கிலோவாட். இங்கிலாந்தில் நம்மைப்போல் ஏறிக்கொண்டே போகும் அடுக்குக் கட்டணம் கிடையாது. சாதாரணத் திட்டத்தில் முதல் யூனிட்டுக்கும் கடைசி யூனிட்டுக்கும் ஒரே விலை. அரசுக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் நிர்ணயித்த உச்சவரம்பின்படி 2025-இன் பிற்பாதியில் அது யூனிட்டுக்கு 26 பென்ஸ் அளவில் இருந்தது. காலை 3 மணி நேரம், மாலை 5 மணி நேரம் இயக்கி, அதில் பாதி நேரம் மின்சாரம் ஓடினால் நாளுக்கு 8.4 யூனிட், அதாவது 2 பவுண்டு 18 பென்ஸ்; மாதம் 65 பவுண்டு. அதே தரை இரவும் பகலும் இயக்கத்திலேயே இருந்து, அதிலும் பாதி நேரம் மின்சாரம் ஓடினால் நாளுக்கு 25 யூனிட், மாதம் 197 பவுண்டு. மகள் சொல்லும் தொகை இந்த இரண்டாவது கணக்கோடு ஒத்துப்போவதைப் பாருங்கள். வேலையை முடித்துவிட்டுப் போனவர் தெர்மோஸ்டாட்டில் நேரத்தைக் குறித்துவைக்காமல், ஒரே வெப்பநிலையில் நிறுத்தி வைத்துவிட்டுப் போயிருப்பார். வீட்டில் யாரும் இல்லாத பகலிலும், எல்லோரும் மாடியில் தூங்கும் இரவிலும் சமையலறைத் தரை சூடாகவே இருந்திருக்கும்.

மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அங்கே குழாய் எரிவாயு யூனிட்டுக்கு அதே காலத்தில் 6 பென்ஸ் சொச்சம்தான். பாய்லரில் 10 சதவீதம் வீணானாலும் ஒரு யூனிட் வெப்பம் 7 பென்ஸுக்குக் கிடைக்கும். மின்சாரத்தில் அது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. ஆகவே அறையைச் சூடாக்கும் வேலையை எரிவாயு ரேடியேட்டரிடம் விட்டுவிட்டு, தரையைக் காலையில் எழுவதற்கு அரைமணி முன்னும் சமையல் நேரத்திலும் மட்டும் இயங்கவைக்கச் சொல்லுங்கள். கட்டிய புதுப் பகுதியில் ரேடியேட்டரே வைக்காமல் விட்டிருந்தால் ஒன்று வைத்துவிடுவது நல்லது. அந்தச் செலவு சில குளிர்காலங்களில் திரும்பிவிடும். பின்கட்டுக்குப் போகும் பெரிய கண்ணாடிக் கதவு இருந்தால் மாலையானதும் கனத்த திரையை இழுத்துவிட வேண்டும். தெர்மோஸ்டாட்டில் தரையின் உச்ச வெப்பநிலை என்று ஓர் அமைப்பு இருக்கும். மரத் தரையென்றால் 27 டிகிரி, டைல்ஸ் என்றால் 29 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். கால் சூட்டை உணரவில்லை என்று அதை ஏற்றிக்கொண்டே போவதுதான் பில்லை ஏற்றும் இன்னொரு காரணம்.

குழந்தையைக் குளிப்பாட்ட நீங்கள் சூடான இடம் தேடுவீர்கள். அதற்குச் சமையலறைத் தரை வேண்டாம். குளியலறையில் கதவைச் சாத்திவிட்டுச் சுவரில் மாட்டும் ஹீட்டரை 20 நிமிடம் போட்டால் போதும்.

கேள்வி: ஊட்டியில் எங்களுக்கு வீடு உண்டு. மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு மட்டும் போவோம். தரை வெப்பம் லாபமா? – உடுமலைப்பேட்டை வாசகர்

பதில்: லாபமில்லை. 2,240 மீட்டர் உயரத்தில், ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் தரையும் சுவரும் ஊறிக் குளிர்ந்திருக்கும். கனமான சிமென்ட் கலவைக்குள் கம்பி புதைத்த தரை என்றால், சனிக்கிழமை மாலை சுவிட்சைப் போட்டால் நள்ளிரவில்தான் சூடு தெரியும்; திங்கள்கிழமை நீங்கள் பர்லியாறு இறங்கிக்கொண்டிருக்கும்போது அது மெல்ல ஆறிக்கொண்டிருக்கும். காலியான வீட்டுக்குக் கொடுத்த அந்த வெப்பத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். முந்தைய நாளே கைபேசி மூலம் இயக்கிவிடலாம் என்று விற்பவர்கள் சொல்வார்கள்; அது வசதி, சிக்கனம் அல்ல. படுக்கையறைக்கு ஓர் ஆயில் ஹீட்டர், கூடத்தில் பழைய கணப்பு இருந்தால் அதற்குக் காய்ந்த விறகு, இவையே போதும்.

கேள்வி: கார்பன் படலத் தரை வெப்பம், கம்பிப் பாயைவிட 60 சதவீதம் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்று விளம்பரம் பார்த்தேன். உண்மையா? – திருப்பூர் வாசகர்

பதில்: படலத்தில் எழுதியிருக்கும் வாட் குறைவாக இருந்தால் மின்சாரமும் குறைவாக ஆகும், சூடும் அதே அளவில் குறையும். அதைத்தான் மிச்சம் என்கிறார்கள். இரண்டும் மின்தடை வெப்பமே. சதுர அடிக்கு ஒரே வாட் கொடுத்தால் ஒரே வெப்பம்தான் வரும். படலம் மெல்லியது, மரப்பலகைத் தரைக்கு அடியில் விரிக்கச் சுலபமானது, சீக்கிரம் சூடேறுவது என்பதெல்லாம் சரி. ஈரம் படும் குளியலறைக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

விளம்பரத்தை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வீட்டு மின்மீட்டரில் சிவப்பு விளக்கு ஒன்று சிமிட்டிக்கொண்டிருப்பதையும், அதன் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். அந்த எண் 3200 என்றால், மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 450 வாட் தரையை மட்டும் இயக்கும்போது நிமிடத்துக்கு 24 முறை சிமிட்ட வேண்டும். 60 சதவீதம் மிச்சம் என்றால் 10 முறைதான் சிமிட்ட வேண்டும். அப்படிச் சிமிட்டும் தரையில் கை வைத்துப் பாருங்கள், சூடும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

கேள்வி: பொள்ளாச்சியில் வீடு. அப்பாருக்கு 80 வயது, முழங்கால் வலி. மார்கழியில் தரை சில்லிடுகிறது என்கிறார். அவர் அறைக்கு மட்டும் போடலாமா?

பதில்: வேண்டாம். வருடத்தில் சில வாரங்களுக்காக டைல்ஸைப் பெயர்க்கத் தேவையில்லை. கட்டிலிலிருந்து கால் ஊன்றும் இடத்தில் பவானி ஜமுக்காளம் ஒன்றை மடித்துப் போடுங்கள், வழுக்காமல் அடியில் ரப்பர் விரிப்பு இருக்கட்டும். வீட்டுக்குள் செருப்பு அணியச் சொல்லுங்கள்.

கேள்வி: ஜமுக்காளம் என்றதும் கேட்கிறேன். குன்னூர் வீட்டில் நோம்பிக்கு உறவினர் கூடினால் கூடத்திலேயே வரிசையாகப் படுக்கை விரிப்போம். தரை வெப்பத்தின் மேல் இப்படிப் படுக்கலாமா? கடந்த இதழின் பதிலில் விரிப்பைப் போட்டு மூடக் கூடாது என்று எழுதியிருந்தீர்களே? – பவானி வாசகி

பதில்: கோரைப்பாயும் பருத்தி ஜமுக்காளமும் மெல்லியவை, வெப்பம் அவற்றை ஊடுருவி மேலே வரும். இலவம்பஞ்சு மெத்தையும் ஃபோம் மெத்தையும்தான் ஆகாதவை. மெத்தைக்கு அடியில் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கும். தெர்மோஸ்டாட்டின் உணர்கருவி கூடத்தின் வேறு மூலையில் இருப்பதால் அதற்கு இது தெரியாது. அங்கே தரை இன்னும் சூடேறவில்லை என்று அது மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். தரையின் நிறம் மங்குவதும், நாளடைவில் கம்பி கெடுவதும் இப்படித்தான். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோரை இரவு முழுவதும் சூடான தரைமேல் படுக்கவைக்கவே வேண்டாம். படுக்கை விரிப்பதற்கு முன் ஒரு மணி நேரம் இயக்கித் தரையைச் சூடாக்கிவிட்டு, விரிக்கும்போது அணைத்துவிடுங்கள். டைல்ஸில் தேங்கிய வெப்பம் தூக்கம் பிடிக்கும் வரை தாங்கும், மீட்டரும் ஓடாது.

கேள்வி: கேத்தியில் இருக்கிறோம். மாலையானால் வோல்டேஜ் 200-க்குப் போய்விடுகிறது. தரை சூடாகவே மாட்டேன் என்கிறது. மின்சாரமாவது மிச்சமாகிறதா?

பதில்: பைக்காராவில் 1932-இல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிக் கோவை ஆலைகளுக்கு மின்சாரம் இறங்கிய அதே மலையில் இன்று வோல்டேஜுக்காகக் காத்திருப்பது வேடிக்கைதான். மின்தடைக் கம்பியின் திறன் வோல்டேஜின் இருமடிப்படி மாறும். 230 வோல்ட்டில் 450 வாட் தரும் பாய், 200 வோல்ட்டில் 340 வாட்தான் தரும்; 180-க்கு இறங்கினால் 275 வாட். மணிக்கு ஆகும் யூனிட் குறைவது உண்மை. ஆனால் தரை சொன்ன வெப்பநிலையை எட்டாததால் தெர்மோஸ்டாட் நிறுத்தாமல் ஓடவிடும். முன்பு ஒரு மணி நேரத்தில் நின்றது இப்போது ஒன்றரை மணி நேரம் ஓடும். ரசீதில் மிச்சம் எதுவும் இராது. இதற்கென்று ஸ்டெபிலைசர் வாங்காதீர்கள். மாலை 4 மணிக்கு, வோல்டேஜ் இறங்குவதற்கு முன்பே, தரையைச் சூடாக்கத் தொடங்குங்கள். அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து பிரிவு அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். உங்கள் இணைப்பு ஒருமுனை இணைப்பாக இருந்து, கீசரும் மோட்டாரும் தரையும் ஒரே நேரத்தில் ஓடினால் 4 கிலோவாட்டை நெருங்கிவிடுவீர்கள்; மும்முனைக்கு மாற்றுவதைப் பற்றியும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் ஒயர்மேனாக இருக்கிறேன். மலைமேல் இந்த வேலை இப்போது வருகிறது. பிற்பாடு டைல்ஸை உடைக்கும் செலவு வீட்டுக்காரருக்கு வராமல் இருக்க எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் ஓம் அளவு, அதாவது கம்பியின் மின்தடை. 450 வாட் பாய்க்கு 230 வோல்ட்டில் 117 ஓம் அளவில் வர வேண்டும். பாயோடு வரும் சீட்டிலும் அந்த எண் இருக்கும். பெட்டியைப் பிரித்ததும் ஒருமுறை, விரித்து ஒட்டியதும் ஒருமுறை, டைல்ஸ் பதித்து முடித்ததும் ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மெகர் கொண்டு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையிலான காப்பையும் சோதியுங்கள். கொத்தனாரின் கரணை பட்டுக் கம்பி அறுவது இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில்தான் நடக்கும். கலவை ஈரமாக இருக்கும்போதே தெரிந்துவிட்டால் ஒரு டைல்ஸோடு போகும். வளைவில் திருப்ப வலையைத்தான் வெட்ட வேண்டும், கம்பியை எக்காரணம் கொண்டும் வெட்டிக் குறைக்கக் கூடாது. குறைத்தால் மின்தடை குறைந்து மிச்சக் கம்பி எரிந்துபோகும். தரையின் உணர்கருவியை நேராகக் கலவையில் புதைக்காமல், இரண்டு கம்பி வரிசைக்கு நடுவில் சிறு குழாய்க்குள் விடுங்கள். அது கெட்டால் இழுத்து எடுத்து வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம். மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டிய பசை முழுவதும் இறுகும் வரை, பசைப் பையில் குறித்திருக்கும் நாள்கள் முடியும் வரை, வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் சுவிட்சைப் போடக் கூடாது. மூடுவதற்கு முன் கம்பி போகும் வழியைக் கைபேசியில் படமெடுத்து, மூன்று ரீடிங்கையும் தேதியோடு எழுதி, மெயின் சுவிட்ச் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த வருடம் கைப்பிடி பதிக்கத் துளைபோட வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் டிரில்லைக் கையிலெடுக்க வேண்டும்.